சிறு படகில் கடலோரப் பயணம்



பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போகும்போது கடலை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள்; தாய்மார் அவர்கள் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுப்பார்கள். கடலுக்கும் நமக்கும் உள்ள பழக்கம் பெரும்பாலும் இவ்வளவுதான். இத்தனைக்கும் நம் முன்னோர் கடல் தாண்டி வந்தவர்கள். 1926-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ரஜுலா கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் எத்தனையோ குடும்பங்களைப் பினாங்குத் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. அந்நாளில் வந்தவர்களில் பலர் ஜெரெஜாக் தீவின் தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்டு, அதன் பின்னரே தோட்டங்களுக்குப் போனார்கள். பிறகு ரப்பர் மரமும் செம்பனையும் லயத்து வீடும்தான் வாழ்க்கை என்றாயிற்று. கடல், ஒருமுறை கடந்து வந்த ஒன்றாகவே நின்றுவிட்டது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. செபராங் பிறையிலும் கெடாவிலும் தோட்டங்களில் இருப்பவர்களும், தோட்டங்களை விட்டுப் பட்டணங்களுக்குக் குடிவந்தவர்களும், பள்ளி விடுமுறை என்றால் பிள்ளைகளுடன் பினாங்குக் கடற்கரைக்குப் போகிறார்கள். பிள்ளைகளில் சிலர், “நண்பர்களோடு கயாக்கில் போகிறோம், கடற்கரையில் கூடாரம் போட்டு ஒரு இரவு தங்கி வருகிறோம்” என்று வந்து கேட்கிறார்கள். பெற்றோர் என்ன பதில் சொல்வது? எதற்கும் அஞ்சி, “வேண்டாம்” என்று சொல்லிவிடுவது எளிது. கேட்டதெல்லாம் சரி என்று அனுப்பிவிடுவதும் எளிதுதான். இரண்டுக்கும் முன்னால், இந்தப் பயணம் எப்படிப்பட்டது, கடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பாஹாங் மீனவர் கிராமத்தோடு சாலை முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் ஏறத்தாழ 1,200 ஹெக்டர் காடு. முன்பு பந்தாய் ஆச்சே வனக்காப்பு நிலமாக இருந்த இப்பகுதி, 2003-ஆம் ஆண்டில் பினாங்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அங்கீகரித்த பினாங்குக் கொடிமலை உயிர்க்கோளக் காப்பகத்திலும் இது அடங்கும். இங்கே காடு நேராகக் கடலில் இறங்குகிறது. பாறை முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு சிறு குடா, அதில் ஒரு கீற்று மணல். குரங்குக் கடற்கரை என்று பெயர் பெற்ற தெலுக் டுயோங், ஆமைகள் முட்டையிடும் பந்தாய் கெராச்சுட், அதற்கும் அப்பால் தெலுக் கம்பி என்று இவை வரிசையாக இருக்கின்றன. மூக்கா முனையில் 200 மீட்டருக்கு மேல் உயர்ந்த குன்றின் உச்சியில் 1883-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. இந்தக் குடாக்களுக்கு மோட்டார் வண்டி போகாது. காட்டுப் பாதையில் நடக்க வேண்டும், இல்லையென்றால் படகில் போக வேண்டும்.

படகுகளிலே ஒரு வகைதான் கயாக். இது வடதுருவத்தை அடுத்த பனிநாட்டு மக்களான இன்யூட் இனத்தார் கண்டுபிடித்தது. மரம் வளராத அந்தப் பூமியில், கடலில் மிதந்து வந்த கட்டைகளையும் எலும்புகளையும் சட்டமாகக் கட்டி, அதன்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தித் தைத்து, வேட்டைக்குப் போகும் படகாகப் பயன்படுத்தினார்கள். கிடைத்த மரங்களைக் கயிற்றால் கட்டிக் கடலில் இறங்கிய நம்மவர்களின் கட்டுமரம் போலவே இதுவும் உழைப்பாளி மக்களின் அறிவில் பிறந்தது. கட்டுமரத்தின் பெயரை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. கயாக்கின் பெயரையும் அப்படியே எடுத்துக்கொண்டது.

இக்காலத்துக் கடல் கயாக் பிளாஸ்டிக்கினாலோ கண்ணாடி இழையினாலோ செய்யப்படுகிறது. ஒருவர் செல்வது ஏறத்தாழ 5 மீட்டர் நீளம் இருக்கும். அகலமோ ஓர் ஆள் உட்காரும் அளவுதான். முன்னும் பின்னும் தண்ணீர் புகாத அறைகள் உண்டு. கூடாரம், அரிசி, குடிநீர், மாற்றுடை எல்லாம் அவற்றில் போகும். கனமான பொருள்களை நடுவிலும் அடியிலும் வைக்க வேண்டும். ஒரு பக்கம் பாரம் கூடினால் படகு அந்தப் பக்கமே சாய்ந்து, ஒரு அலைக்குக்கூடத் தாங்காது. துடுப்புக்கு இரண்டு முனைகளிலும் அலகு இருக்கும். வலம், இடம் என்று மாறி மாறிப் போட வேண்டும். கையால் மட்டும் இழுப்பவர் அரை மணியில் களைத்துப் போவார். இடுப்பையும் முதுகையும் சேர்த்துத் திருப்புகிறவர் நாள் முழுவதும் போவார். மண்வெட்டி பிடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

உடலுக்கு மிதவைச் சட்டை கட்டாயம். “எனக்கு நீந்தத் தெரியுமே” என்று சொல்லி அதைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. பாறையில் தலை மோதி மயங்கியவருக்கு நீச்சல் எப்படி உதவும்? மிதவைச் சட்டை அப்போதும் வேலை செய்யும். ஆனால் அது உடலுக்கு அளவாக இருக்க வேண்டும். வார்களையெல்லாம் இறுக்கிப் பூட்ட வேண்டும். பெரியவர் சட்டையைப் பிள்ளைக்குப் போட்டால், தண்ணீரில் விழுந்ததும் சட்டை மேலே வரும், பிள்ளை கீழே நழுவும்.

இனிக் கடலைப் பற்றிச் சில வார்த்தைகள். கடலுக்கு ஒரு கடிகாரம் உண்டு. பினாங்குக் கரையில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகையால் இன்று காலை எட்டு மணிக்கு ஏறிய நீர், நாளை ஏறத்தாழ எட்டே முக்கால் மணியளவில்தான் ஏறும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 2 மீட்டர் வேறுபாடு இருக்கும். மாலையில் அகலமாகத் தெரிந்த மணல்வெளி, நள்ளிரவில் தண்ணீருக்கு அடியில் போய்விடக்கூடும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள், காய்ந்த பாசியும் சருகும் வரிசையாகக் கிடக்கும் கோட்டைத் தேடுகிறார்கள். முந்தைய ஏற்றம் வந்து நின்ற இடம் அது. கூடாரம் அதற்கு மேலேதான்.

அடுத்தது காற்று. பகலில் நிலம் சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. பிற்பகலில் அலை கூடுவது இதனால்தான். காலையில் புறப்படுவது நல்லது என்பதும் இதனால்தான். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று இன்னும் ஆபத்தானது. குன்றின் மறைவில் கரையோரத் தண்ணீர் குளம்போல அமைதியாக இருக்கும். நூறு மீட்டர் வெளியே போனதும் காற்று முதுகைத் தள்ளும். போவது சுகமாக இருக்கும், திரும்பத்தான் முடியாது.

மலாக்கா நீரிணைக்கென்று தனியாக ஒரு புயற்காற்று உண்டு. சுமத்ரா என்றே அதற்குப் பெயர். தென்மேற்குப் பருவக் காலத்தில், பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும், மேற்கே கரிய மேகம் சுவர்போல எழுந்து, திடீரென்று பலத்த காற்றும் மழையும் இடியுமாக வரும். காற்றின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரையும் தாண்டுவதுண்டு. ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் கயாக்கில் இருப்பவருக்கு அந்த நேரமே போதும். பால் வெட்டுக்குப் போகிறவர் விடிவதற்குள் வானத்தைப் பார்த்து, “இன்று பட்டை ஈரம், வெட்ட முடியாது” என்று சொல்வார் அல்லவா? கடல் வழிகாட்டியும் அதையேதான் செய்கிறார். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பைப் பார்க்கிறார்; தெலுக் பாஹாங் மீனவர்களைக் கேட்கிறார்; பிறகு வானத்தைப் பார்க்கிறார்.

நல்ல வழிகாட்டி பயணத்தில் என்னென்ன செய்வார்? புறப்படுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடுவது போல ஆள் எண்ணிக்கை எடுப்பார். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லிவைப்பார். இடுப்பளவு தண்ணீரிலேயே படகைக் கவிழ்க்கச் சொல்லி, கவிழ்ந்த படகிலிருந்து வெளியே வருவதையும், படகைப் பிடித்துக்கொண்டே இருப்பதையும், மற்றொரு படகின் துணையால் மீண்டும் ஏறுவதையும் பழக்குவார். கடலில் வேகமானவருக்காக அல்ல, மெதுவானவருக்காகவே நடையை அமைப்பார். பாறை முனைகளில் அலை மோதித் திரும்புவதால் தண்ணீர் எல்லாப் பக்கமும் குதிக்கும். அங்கே சற்று விலகிப் போகச் சொல்வார். இவற்றுக்கெல்லாம் மேலாக, வானம் சரியில்லையென்றால், பணம் வாங்கியிருந்தாலும், “இன்று போக வேண்டாம்” என்று சொல்வார். வழிகாட்டியை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

கரையில் தங்குவதற்கும் முறை உண்டு. பூங்கா அலுவலகத்தில் பதிவு செய்து, எந்தக் கரையில் தங்க அனுமதி என்று கேட்டறிய வேண்டும். விதிகள் காலத்துக்குக் காலம் மாறும். காய்ந்த கிளைகளுக்கு அடியில் கூடாரம் கூடாது. ஓடை நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக்கூடாது. சோற்றுப் பொட்டலத்தை வெளியே வைத்தால் குரங்குகள் மிச்சம் வைக்காது. பந்தாய் கெராச்சுட்டில் நுங்கு போன்ற உடலுடைய சொறிமீன்கள் வருவதாலும் நீரோட்டத்தாலும் அங்கே குளிக்க இறங்குவது ஆபத்து. பெட்டிச் சொறிமீன் பட்டுவிட்டால் தேய்க்கக்கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக்கூடாது. சமையல் வினிகரைத் தாராளமாக ஊற்றி, உடனே மருத்துவ உதவி தேட வேண்டும்.

அதே கரையில் கடலாமைகள் இரவில் ஏறி வந்து, மணலில் குழி தோண்டி, நூறு முட்டைகள் வரை இட்டுச் செல்கின்றன. மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் அங்கே இருக்கிறது. வெளிச்சத்தைக் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடலாம். குஞ்சுகள் கடல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அலைந்து சாகலாம். ஆகவே கைவிளக்கையும் நெருப்பையும் அடக்கிவைப்பது விருந்தாளியின் கடமை. கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவருவதும் அப்படியே.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க இயலாது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரப்படி காலை ஒன்பது மணியளவில் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பெரும் பூகம்பம் ஏற்பட்டது. பினாங்குக் கரைக்கு ஆழிப்பேரலை வந்து சேர்ந்தது பிற்பகல் ஒரு மணிக்கு மேல். இடையில் நான்கு மணி நேரம் இருந்தது. எச்சரிக்கும் ஏற்பாடுதான் அந்நாளில் இல்லை. மலேசியாவில் மாண்ட 68 பேரில் 52 பேர் பினாங்கு மாநிலத்தில் இறந்தார்கள். விடுமுறை நாளில் பிள்ளைகளோடு கரைக்கு வந்திருந்த குடும்பங்களும் அவர்களில் அடக்கம்.

அதே நாளில், பூகம்பம் நிகழ்ந்த இடத்துக்கு மிக அருகிலேயே இருந்த சிமெலுவே தீவில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்களில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. காரணம் என்ன? 1907-ஆம் ஆண்டில் அங்கே வந்த பேரலையைக் கண்ட பாட்டன் பாட்டிமார், “பூமி குலுங்கி, கடல் பின்வாங்கினால், எதையும் எடுக்காமல் குன்றுக்கு ஓடு” என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதற்கு ஸ்மோங் என்று ஒரு சொல்லும் வைத்திருந்தார்கள். அந்த ஒரு சொல் ஊரையே காத்தது. இன்று எச்சரிக்கை ஏற்பாடுகள் வந்துவிட்டன. ஆனாலும் ஆளில்லாத குடாவில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காமல் போகலாம். அங்கே கடல் திடீரென்று வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், மீன் பொறுக்கப் போகாமல் மேட்டுக்கு ஏற வேண்டும் என்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை வந்து கேட்கும்போது நீங்கள் திருப்பிக் கேளுங்கள். யார் வழிகாட்டி? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? மிதவைச் சட்டை உன் அளவுக்கு உண்டா? படகு கவிழ்ந்தால் என்ன செய்வது என்று பழக்கினார்களா? அன்றைய நீரேற்றம் எத்தனை மணிக்கு? வானம் கெட்டால் எந்தக் குடாவில் ஒதுங்குவீர்கள்? திரும்ப எத்தனை மணியாகும்? அந்த நேரத்துக்குள் வராவிட்டால் நாங்கள் யாரைக் கூப்பிடுவது? கடலில் ஆபத்து என்றாலும் அழைக்க வேண்டிய எண் 999தான். இக்கேள்விகளுக்குத் தெளிவான பதில் வந்தால் மனநிறைவோடு அனுப்பலாம். பதில் வராவிட்டால், அடுத்த விடுமுறைக்குப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அதற்குள் பிள்ளையை நீச்சல் பழக அனுப்புங்கள். மகனை மட்டுமன்று, மகளையும் அனுப்புங்கள்.

தெலுக் பாஹாங்கிலிருந்து காலை இளவெயிலில் புறப்பட்டு, காட்டின் ஓரமாகத் துடுப்புப் போட்டு, கழுகு வட்டமிடுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு குடாவில் போய் இறங்குவது நம் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டிய இன்பம்தான். தெரிந்துகொண்டு போகட்டும்; நலமாகத் திரும்பி வந்து நமக்கும் அந்தக் கதையைச் சொல்லட்டும்.