தட்டில் விழுந்ததும் வயிற்றில் சேர்ந்ததும்

ராமேசுவரத்திலோ தங்கச்சிமடத்திலோ ஒருவருக்கு நோய் முற்றிவிட்டால், 108 வண்டி அவரைப் பாம்பன் பாலத்தைத் தாண்டிச் சுமார் 50 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ராமநாதபுரத்துக்கும், அங்கும் ஆகாதெனில் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கும் கொண்டுசெல்கிறது. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால் வைத்தியம் சற்றுக் கிட்ட வந்திருக்கிறதென்றாலும், வீட்டுக் கஞ்சி அத்தனை தூரம் நாள்தோறும் வந்துசேர்வதில்லை. ஆகவே, கடற்கரைக் குடும்பத்து நோயாளிக்குப் பெரும்பாலும் வார்டில் வழங்கப்படுகிற ஆகாரமே கதி.

உள்நோயாளிக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரி கட்டணமின்றி அளிக்கும் உணவு சிகிச்சையின் ஓர் அங்கமாதலால், இன்னாருக்குப் பாலும் ரொட்டியும், இன்னாருக்குச் சோறு, இன்னாருக்கு உப்புக் குறைத்தது என்று டாக்டர் குறிக்க, நர்ஸ் அதைத் தொகுத்துச் சமையற்கூடத்துக்கு அனுப்ப, சாப்பாட்டு வண்டி வருகிறது, தட்டுகள் நீள்கின்றன, கணக்கும் முடிகிறது. கொடுத்ததற்குப் பதிவேடு உண்டு, உண்டதற்கு ஏது? பல்லில்லாத கிழவரின் ரொட்டியைத் துணைக்கு வந்த பேரன் தின்று தீர்க்கிறான். கையில் ஊசி ஏறியிருப்பதால் உரிக்க முடியாத முட்டை தலையணை ஓரத்தில் கிடக்கிறது. புண் சீழ் பிடிக்குமென்று மீனையும் முட்டையையும் விலக்கிவைக்கும் உறவினரோ, புண் ஆறுவதற்கு வேண்டிய புரதத்தையே விலக்குகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் காரல் மீனும் பால்சுறாவும் சமைத்துப் போடும் கடலோரத்து அனுபவ ஞானம், அறுவைப் புண் என்றதும் எங்கேயோ ஓடி ஒளிந்துகொள்வது விசித்திரந்தான்.

சார்லஸ் பட்டர்வொர்த் என்ற அமெரிக்க வைத்தியர், ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே நோயாளி போஷாக்குக் குன்றிப்போகும் உண்மையை 1974-ல் எழுதி வைத்திய உலகைத் திடுக்கிடச் செய்தார். உயரமும் எடையும் குறிக்கப்படாமை, பரிசோதனைகளுக்காக அடிக்கடி வேளை தவறுதல், நோயாளி எவ்வளவு உண்டார் என்பதை எவரும் கவனியாமை, நாட்கணக்கில் வெறும் குளுக்கோஸை ஏற்றிக்கொண்டிருத்தல் ஆகியவற்றை அவர் காரணங்களாக எடுத்துக்காட்டினார். நம் வார்டுகளைப் பார்த்தே எழுதினாரோ என்று எண்ணத் தோன்றும். “குளுக்கோஸ் ஏறுகிறது, தெம்பு வந்துவிடும்” என்று நம்பியிருப்போர் ஒரு கணக்கை அறிதல் நலம்: 5 சதவிகிதக் குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரைச் சத்து மட்டுமே, அது தரும் சக்தி 100 கலோரிக்கு மேற்படாது, புரதமோ அறவே இல்லை. இவ்வாறு மெலிகிறவருக்குப் புண் தாமதமாக ஆறுகிறது, தொற்று எளிதில் பற்றுகிறது, படுக்கைப் புண் வருகிறது, வீடு திரும்பும் நாளும் தள்ளிப்போகிறது.

அறுவைக்கு முந்திய பட்டினி தனியே சொல்லத்தக்கது. இலேசான திட உணவை 6 மணி நேரமும் தண்ணீரை 2 மணி நேரமும் முன்னதாக நிறுத்தினால் பொதுவாகப் போதுமென்பதே மயக்கமருந்து சாஸ்திரத்தின் இன்றைய விதியாயிருக்க, முதல் நாள் இரவிலிருந்தே வாயைக் கட்டிய நோயாளி, மறுநாள் மாலையில் “இன்று இல்லை” என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, மீண்டும் அதே விரதத்தைத் தொடங்குவதுண்டு. ஒத்திவைத்த உடனே “இப்போது சாப்பிடலாமா?” என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. ஆனால் பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் திறனை டாக்டர் சோதித்துப் பாராமுன் அன்பினால் கஞ்சி ஊட்டுவது பேராபத்து. கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

சட்டமும் திட்டங்களும் தருவது சொற்பமன்று. 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவத்துக்கு 3 நாளும் சிசேரியனுக்கு 7 நாளும் வரை தாய்க்கு இலவச உணவு உண்டு. காசநோயாளிக்குப் போஷாக்குக்கென மாதந்தோறும் வழங்கப்பட்ட 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ஆயிற்று. 2022-ல் தொடங்கிய தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோயாளியின் உடல் மெலிவை முதலில் அளந்தே அபாயத்தில் இருப்பவரைக் கண்டறிகிறது. காசநோய்க்குச் செய்வதை ஏனைய வார்டுகளிலும் செய்யலாகாதா?

அதுவரை, துணையிருப்பவர் சேர்த்த அன்றே எடை பார்க்கும்படி கேட்டு, வேளைக்கு எவ்வளவு உள்ளே போயிற்று என்று ஒரு காகிதத்தில் குறித்துவைத்து, பாதிக்குமேல் மீந்தால் டாக்டரிடம் காட்டட்டும். மெல்ல முடியாதவருக்கு ஆகார வகையை மாற்றி எழுத ஒரு நிமிஷம் போதும். உணவு கெட்டிருந்தாலோ வராதிருந்தாலோ முதலில் வார்டு நர்ஸிடமும், பிறகு நிலைய மருத்துவ அலுவலரிடமும் சொல்லலாம். பயனில்லையெனில் மருத்துவ உதவி எண்ணான 104, முதல்வரின் உதவி மையமான 1100, திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம் ஆகியவை இருக்கின்றன. நோயாளிக்கு என்ன அளவில் உணவு வழங்கவேண்டும், யார் வழங்குகிறார் என்பவற்றைத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுச் செய்து கேட்டால், 30 நாட்களுக்குள் பதில் தந்தாகவேண்டும். பணம் வாங்கும் தனியார் ஆஸ்பத்திரியோ, 1995-ஆம் வருஷத்து சுப்ரீம் கோர்ட் தீர்ப்பின்படி நுகர்வோர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. பில்லில் உணவுக்கென்று தொகை எழுதியிருந்தால் அதைப் பத்திரப்படுத்திக்கொண்டு ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.