தெளிந்த நீரும் நாறும் கரையும்

கோடை மாலைகளில் அஜக்ஸ் ஏரிக்கரைக்குப் பிள்ளைகளுடன் காற்று வாங்கச் செல்லும் நமக்குச் சில நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்ப நேர்கிறது. கரையெங்கும் பாசி ஒதுங்கி அழுகிக் கிடக்கிறது. சற்று அப்பால் நீரோ அடி தெரியுமளவு தெளிவாயிருக்கிறது. நீர் தெளிந்திருக்கக் கரை ஏன் நாறுகிறது?

இதற்கான விடையைக் கப்பல்களிலே தேடவேண்டும். முற்காலத்தில் சரக்கில்லாத கப்பல்கள் தளம்பாதிருக்கக் கல்லும் மணலும் ஏற்றினர். இரும்புக் கப்பல்கள் வந்தபின் அவற்றுக்குப் பதிலாக நீரையே நிரப்பினர். ஏற்றவும் இறக்கவும் இலகுவாயிற்று. 1959 இல் சென் லோறன்ஸ் கடல்வழி திறக்கப்பட்டதும் பெருங்கப்பல்கள் இவ்வேரிகளுக்குள் வந்தன. அவை கொட்டிய நீரோடு, கருங்கடல், கஸ்பியன் கடற் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட வரிக்குதிரைச் சிப்பியும் வந்து சேர்ந்தது. 1988 இல் அது சென் கிளயர் ஏரியிற் கண்டறியப்பட்டது.

இச்சிப்பி நீரை வடித்து உண்பது. ஆகவே நீர் தெளிந்தது. ஒளி ஆழத்துக்கு எட்டியது. அடியிற் பாசி செழித்தது. சிப்பியின் கழிவே அதற்கு உரமுமாயிற்று. 1972 இல் கனடாவும் அமெரிக்காவும் உடன்பாடு செய்து, ஏரிகளிற் சேரும் பொசுபரசைக் குறைக்க முற்பட்டன. பாசியும் அடங்கி வந்தது. அம்முயற்சியின் பயனைச் சிப்பி பெருமளவு கெடுத்தது. அயலிலுள்ள டஃபின் கிரீக் கழிவுநீர் நிலையம் வெளிவிடும் பொசுபரசை மேலும் குறைக்கவேண்டுமென 2010களில் அஜக்ஸ் நகரசபை வாதாடியது.

நமக்கு இது புதிய கதையன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் மிதந்து, கிணற்றில் ஊறுகிறது. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்கு ஓய்வாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. முதுகொடியும் வேலை ஒழிந்தது. வெங்காயமும் மிளகாயும் பெருகின. ஆனால் இயந்திரம் களைப்பதில்லை. அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறுகளில் உவர் ஏறியது. செயற்கைப் பசளையின் நைத்திரேற்றும் குடிநீரிற் கலந்தது.

துலாவுக்குத் திரும்புவோமென்று நாம் சொல்ல வரவில்லை. அந்த வலி மிதித்த கால்களுக்குத் தெரியும். ஆயினும் ஊருக்குப் பணம் அனுப்புவோர் நம்மிடையே பலர். குழாய்க்கிணறு, நீர்ப்பம்பி என்று அங்கிருந்து கேட்கும்போது, நாளொன்றுக்கு எவ்வளவு இறைப்பீர்கள், குளம் தூர்வாரியாயிற்றா, அயற்கிணற்றின் நீர் எப்படி என்று கேட்டறிந்த பின்னரே அனுப்புவோம். கொடுக்கும் கைக்குக் கேட்கும் கடமையும் உண்டு.