மீண்டு வந்த பெயர்: ஜாவா, யெஸ்டி வண்டிகளும் அவற்றின் அன்பர்களும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 15 அன்று மும்பையில் ஜாவா மோட்டார் சைக்கிள் மீண்டும் அறிமுகமானது. அதன் பழைய இந்தியத் தொழிற்சாலை மூடப்பட்டு அப்போது 22 ஆண்டுகள் கடந்திருந்தன. ஆயினும், வண்டியை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காத பலர் 5,000 ரூபாய் முன்பணம் செலுத்திப் பதிவு செய்துகொண்டனர். டிசம்பர் 25ஆம் நாளுடன் இணையவழி முன்பதிவு நிறுத்தப்பட்டது. அடுத்த செப்டம்பர் வரை தயாராகவிருந்த வண்டிகள் அனைத்தும் முன்பதிவிலேயே தீர்ந்துவிட்டன என்று நிறுவனம் அறிவித்தது.

இல்லாமற்போன ஒரு தொழிற்சாலையின் பெயருக்கு இத்தனை மதிப்பு எங்கிருந்து வந்தது? வண்டி கைக்கு வந்த பிறகு அந்த அன்பர்கள் கண்டது என்ன? பழைய பெயர் ஒன்றை நம்பிப் பணம் செலவிட எண்ணும் எவரும் இவ்வினாக்களைச் சிந்திப்பது நன்று.

மைசூரில் வேரூன்றிய செக் வண்டி

ஜாவா பிறந்தது செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகரில். 1929இல் பிரான்டிசெக் யானெச்செக் என்னும் பொறியாளர், வாண்டரர் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் பிரிவை வாங்கினார். தம் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளையும் வாண்டரரின் முதல் இரண்டு எழுத்துகளையும் இணைத்து 'ஜாவா' என்று பெயரிட்டார்.

இந்தியாவில் ருஸ்தம் இரானியும் பரூக் இரானியும் ஐடியல் ஜாவா நிறுவனத்தை நிறுவினர். மைசூரின் யாதவகிரியில் 1961இல் உற்பத்தி தொடங்கியது. 1973 முதல் அவ்வண்டிகள் 'யெஸ்டி' என்னும் பெயரில் வெளிவந்தன. ஈரானில் உள்ள யஸ்த் நகரை நினைவூட்டும் பெயர் அது. ரோட்கிங், கிளாசிக், டீலக்ஸ், மோனார்க் எனப் பல வடிவங்கள் இப்பெயரில் சாலைக்கு வந்தன.

இவ்வண்டிகளுக்கே உரிய சில இயல்புகள் இருந்தன. எஞ்சினில் சிலிண்டர் ஒன்றுதான். ஆனால் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு சைலன்சர்கள் நீண்டிருக்கும். கியர் மாற்றும் நெம்புகோலையே மேலே திருப்பி உதைத்தால் அது கிக்கராகிவிடும். பெட்ரோல் போடும்போதெல்லாம் உரிய அளவில் ஆயில் கலக்க வேண்டும். முதன்முறை ஓட்டுபவர் இவற்றைப் பழகவே சில நாட்கள் ஆகும். பழகியவருக்கோ, தம் வண்டியைத் தாமே சீர்செய்துகொள்ளும் அளவுக்கு அதன் உட்கூறுகள் எளிமையாக இருந்தன. அன்பர்களின் நீடித்த பற்றுக்கு இந்த எளிமையும் ஒரு காரணம். தொழிற்சாலை மூடிய பின்னரும் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பேணிய மெக்கானிக்குகளும் உரிமையாளர்களும் நகரந்தோறும் குழுக்களாகத் திரண்டனர். ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் ஜாவா நாள் கொண்டாடும் வழக்கமும் உருவாயிற்று.

உற்பத்தி நின்றது ஏன்?

1980களின் நடுப்பகுதியில் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுறவோடு 100 சிசி வண்டிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. ஹீரோ ஹோண்டா, இண்ட்-சுசூகி, யமஹா, கவாசாகி ஆகிய பெயர்கள் வீடுதோறும் அறிமுகமாயின. எடை குறைந்த அவ்வண்டிகள் குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடின. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோருக்கு இக்கணக்கு எளிதில் விளங்கியது. 250 சிசி யெஸ்டிக்கு எரிபொருள் கூடுதலாகத் தேவைப்பட்டது. அடிப்படை வடிவமைப்பும் பழையது.

மாசுக் கட்டுப்பாட்டு விதிகளும் இறுகின. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலும் பெட்ரோலுடன் சேர்ந்தே எரிகிறது. எரியாத கலவையின் ஒரு பகுதி புகையோடு வெளியேறிவிடுகிறது. அந்நாளில் பலர் விரும்பிய மணமும் ஓசையும் இவ்வமைப்பின் விளைவுகளே; காற்று மாசுபட்டதற்கும் இதுவே காரணம். 1996இல் மைசூர்த் தொழிற்சாலை மூடப்பட்டது. நிறுவனம் பின்னர் கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று.

அன்பர்கள் மெச்சியவையும் குறைப்பட்டவையும்

மகிந்திரா குழுமத்தைப் பெரும்பங்குதாரராகக் கொண்டு உருவான கிளாசிக் லெஜண்ட்ஸ் என்னும் நிறுவனமே ஜாவாவை மீட்டெடுத்தது. ருஸ்தம் இரானியின் மகன் போமன் இரானியும் முதலீட்டாளர் அனுபம் தரேஜாவும் இதில் இணைந்தனர். செக் நாட்டு நிறுவனத்திடமிருந்து பெயரைப் பயன்படுத்தும் உரிமம் பெறப்பட்டது. வண்டிகள் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் தயாராயின. டெல்லி ஷோரூம் விலையாக ஜாவாவுக்கு 1.64 லட்சம் ரூபாயும், ஜாவா ஃபார்ட்டி டூவுக்கு 1.55 லட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டன.

தோற்றத்தைப் பொறுத்தவரை அன்பர்கள் பெரும்பாலும் மனநிறைவு கொண்டனர். அரக்குச் சிவப்பு நிறம், குரோமியம் பூசிய பெட்ரோல் டேங்க், ஒற்றைச் சிலிண்டருக்கு இரட்டைச் சைலன்சர் என்று தந்தையர் ஓட்டிய வண்டியின் சாயல் அப்படியே இருந்தது. பழைய பெயரை ஏதோ ஒரு வண்டியின் மீது ஒட்டிவிடவில்லை என்பதே அவர்களுக்குப் பெரிய ஆறுதலாயிற்று.

எஞ்சினைப் பற்றிய கருத்துகள் பிளவுபட்டன. புதிய ஜாவாவில் இருந்தது திரவத்தால் குளிரூட்டப்படும் 293 சிசி நான்கு வீச்சு எஞ்சின். டூ-ஸ்ட்ரோக் ஓசையைக் காதில் தேக்கி வைத்திருந்தவர்கள் ஏமாற்றம் அடைந்தனர். முகப்பில் தெரியும் ரேடியேட்டர் பழைய அழகைக் கெடுக்கிறது என்றும் சிலர் கூறினர். ஆனால் 2017 ஏப்ரலில் பிஎஸ்4 விதிகளும், 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதிகளும் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகளுக்கு உட்பட்டுப் பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை மறுபடியும் விற்பது நடைமுறையில் இயலாத செயல். உருவத்தைக் காக்கலாம், ஓசையைக் காக்க இயலாது என்னும் நிலையில்தான் வடிவமைப்பாளர்கள் பணிபுரிந்தனர்.

பாதுகாப்பு ஏற்பாடுகளும் விவாதத்துக்கு உள்ளாயின. முதலில் அறிவித்த வடிவில் முன் சக்கரத்துக்கு மட்டுமே ஏபிஎஸ் இருந்தது. பின்சக்கரத்தில் டிரம் பிரேக். அந்த விலைக்கு இது போதாது என்று பலரும் குரல் எழுப்பினர். இரு சக்கரங்களுக்கும் ஏபிஎஸ் கொண்ட வடிவமும் பின்னர் கிடைத்தது.

எல்லாவற்றினும் மிகுந்த மனக்குறையை உண்டாக்கியது காத்திருப்பு. முதல் வண்டிகள் 2019 மார்ச் இறுதியில்தான் வழங்கப்பட்டன. அதன் பிறகும் பலர் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. முன்பதிவைத் திரும்பப் பெற்றவர்களும் உண்டு. பொறுத்திருந்து வாங்கியவர்களும் உண்டு. பழைய பெயரின் மேல் கொண்ட அன்பு முன்பதிவுப் பட்டியலை நிரப்பிவிடும். குறித்த நாளில் வண்டியைக் கொடுக்க உற்பத்தித் திறன் வேண்டும்.

2022 ஜனவரியில் யெஸ்டியும் 334 சிசி எஞ்சினுடன் ரோட்ஸ்டர், ஸ்கிராம்பளர், அட்வெஞ்சர் என்னும் மூன்று வடிவங்களில் திரும்பியது. இவற்றுள் அட்வெஞ்சர் மலைச்சாலைப் பயணத்தை எண்ணி உருவான வண்டி. பழமையின் சாயலைக் காட்டிலும் பயன்பாட்டையே முன்னிறுத்திய படைப்பு அது.

பெயர் யாருடைய சொத்து?

கணக்கியலில் ஒரு வணிகத்தின் 'நற்பெயர்' கண்ணுக்குப் புலப்படாத சொத்தாகக் கருதப்படுகிறது. கட்டடமும் இயந்திரமும் நாளடைவில் தேயும். நற்பெயரோ, தொழிற்சாலை மூடிய பிறகும் மக்கள் மனத்தில் நிலைத்திருக்கக்கூடும். யெஸ்டி என்னும் பெயரைப் பற்றிய வழக்கு இதனை நன்கு விளக்குகிறது.

ஒரு நிறுவனம் கலைக்கப்படும்போது அதன் சொத்துகளை விற்று, தொழிலாளருக்கும் கடன் கொடுத்தோருக்கும் சேர வேண்டியது வழங்கப்படும். அப்படியானால் அந்நிறுவனத்தின் வணிகப் பெயரும் அச்சொத்துகளுள் ஒன்றா? அல்லது உற்பத்தி நின்று பல்லாண்டுகள் பயன்படுத்தாமையால் அவ்வுரிமை கைவிடப்பட்டதாகுமா? கர்நாடக உயர் நீதிமன்றத்தில் இவ்வினா எழுந்தது. கலைப்பில் உள்ள ஐடியல் ஜாவாவுக்கே பெயர் உரியது என 2022 டிசம்பரில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். அது மேல்முறையீட்டுக்குச் சென்றது. அன்பர்கள் உள்ளத்தில் உணர்வாக இருக்கும் ஒரு சொல், சட்டத்தின் முன் எவ்வளவு பெரிய பொருளாகிவிடுகிறது என்பதை இவ்வழக்கு உணர்த்தியது.

பிற பெயர்கள் கண்ட வழி

இங்கிலாந்தின் டிரையம்ஃப் 1983இல் வீழ்ந்தபோது ஜான் புளூர் என்னும் கட்டுமானத் தொழிலதிபர் அப்பெயரை வாங்கினார். அவர் பழைய வண்டியின் நகலை உடனே விற்க முற்படவில்லை. ஹிங்க்லியில் புதிய தொழிற்சாலை அமைத்து 1991 முதல் நவீன வண்டிகளை விற்றார். நினைவில் நின்ற போனவில் வடிவத்தைச் சுமார் பத்து ஆண்டுகள் கழித்தே மீட்டுக் கொணர்ந்தார். பொறியியலில் நம்பிக்கை ஊன்றிய பிறகே நினைவுக்கு இடமளித்தார்.

ராயல் என்ஃபீல்டின் கதை வேறு. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வழியாகச் சென்னைக்கு வந்த அந்த வண்டி, இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மறைந்த பின்னரும் திருவொற்றியூரில் இடைவிடாது உற்பத்தியாயிற்று. எனவே உதிரி பாகங்களும் மெக்கானிக்குகளின் அனுபவமும் அறுபடவில்லை. 2020இல் நார்ட்டன் என்னும் பழம்பெரும் ஆங்கிலப் பெயரை வாங்கியது ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டிவிஎஸ் மோட்டார். பழைய பெயர்களை வாங்கும் ஆற்றல் இன்று இந்திய நிறுவனங்களிடம் இருக்கிறது.

வாங்க எண்ணுவோர் கவனத்துக்கு

விருப்பமான பெயரைத் தாங்கிய வண்டியை வாங்குவதில் பிழையில்லை. விருப்பத்தோடு கணக்கும் சேரட்டும்.

முதலாவது, ஷோரூம் விலையை மட்டும் கொண்டு கடன் தொகையை முடிவு செய்யாதீர்கள். சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியவை சேர்ந்த ஆன்-ரோடு விலையே உண்மையான செலவு. புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம் என்பதால் தொடக்கச் செலவு கூடுதலாகவே இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடு. எஞ்சின் அளவைப் பொறுத்து விலை பெரிதும் வேறுபடும்.

இரண்டாவது, முன்பணம் கட்டுமுன் வண்டியை வழங்கும் நாள், விலை உயர்ந்தால் யார் ஏற்பது, விலகினால் பணம் எத்தனை நாளில் திரும்பும் ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். வண்டி கிடைக்கும் நாள் உறுதியான பின் கடன் தொகையை விடுவிக்கச் சொன்னால், வாராத வண்டிக்குத் தவணை கட்டும் நிலை ஏற்படாது.

மூன்றாவது, பணிமனை உங்கள் ஊரில் உள்ளதா, உதிரி பாகம் கிடைக்க எத்தனை நாளாகிறது என்பதை ஏற்கெனவே வாங்கியவர்களிடம் கேட்டறியுங்கள். மறுவிற்பனை மதிப்பும் இதனையே சார்ந்தது.

பழைய மைசூர் வண்டியையே வாங்க விரும்புவோர் பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் எண்ணையும் சட்டக எண்ணையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 15 ஆண்டுகளைக் கடந்த வண்டிக்குப் பதிவு புதுப்பிக்கப்பட்டிருப்பதும் இன்றியமையாதது. 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளைப் பழமைச் சிறப்பு வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் விதிகள் வெளியாயின. புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம். அவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட இயலாது என்பதையும் நினைவில் கொள்க.

ஜாவா அன்பர்களுள் நிறைவாக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் தந்தையின் வண்டி திரும்பி வரும் என்று எதிர்பார்த்தவர்கள் அல்லர். ஒத்த சாயலுள்ள புதிய வண்டியை, அதன் குறைநிறைகளை அறிந்து, தம் வருவாய்க்கு உட்பட்ட தவணையில் வாங்கியவர்கள் அவர்கள். பழைய வண்டியின் மேல் பற்றுள்ளோர் அதனையும் வீட்டு முற்றத்தில் துடைத்து வைத்திருக்கின்றனர்.