இடாப்பும் ஓர் அமானிதம்

எங்கள் ஊர் ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்த முதல் வருடம் அது. சங்கத்து அங்கத்தவரான ஒரு காக்கா மௌத்தானார். ஜனாஸா அடக்கி முடிந்ததும் குடும்பத்துக்குச் சேரவேண்டிய உதவித்தொகையைக் கொடுப்பதற்காகக் கணினியைத் திறந்தோம். அவருடைய பெயருக்கு நேரே 14 மாதச் சந்தா நிலுவை என்று கிடந்தது. எங்கள் யாப்பின்படி அவ்வளவு நிலுவை இருந்தால் உதவி கிடையாது.

மகன் வந்து நின்றான். என்னிடம் தமிழ் படித்த பிள்ளை. "சேர், வாப்பா ஒரு மாசமும் விட்டதில்ல. அவர் கட்டினத நான் கண்ணால கண்டிருக்கன்" என்றான். உம்மா இத்தாவில் இருந்தா. அலுமாரியைக் கிளறிப் பற்றுச்சீட்டுகளைத் தேடியெடுத்து வந்து மேசையில் வைத்தான். ஒரு மாதமும் குறையவில்லை. அத்தனை பணமும் அதே முதலெழுத்துகளோடு அதே பெயரிலுள்ள இன்னொருவரின் கணக்கில் ஏறியிருந்தது. ஒன்பது நாள் பிந்தித்தான் பணம் கொடுத்தோம். யாரும் களவெடுக்கவில்லை. ஆனாலும் மௌத் வீட்டை, கடன் வைத்த வீடாக்கிவிட்டோம்.

அடுத்த கூட்டத்தில், "நல்ல சொஃப்ட்வெயார் ஒன்டு எடுப்பம்" என்ற பேச்சு வந்தது. நான் மறித்தேன். பெயரை வைத்து ஆளை அடையாளம் காண்பதுதான் எங்கள் பிழை. அந்தப் பிழையோடு எவ்வளவு விலையான மென்பொருளை வாங்கினாலும், அதுவும் அதே பிழையைத்தான் வேகமாகச் செய்யும்.

நம்மவர் பெயர்களை நினைத்துப் பாருங்கள். ஒரே மனிதர் ஓர் ஏட்டில் முஹம்மது, இன்னொன்றில் முகம்மது, வேறொன்றில் மொஹமட். பாடசாலையில் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். ஒரு வகுப்பில் மூன்று பாத்திமா இருந்தாலும் சேர்வு இடாப்பில் ஆளுக்கொரு சேர்விலக்கம். பிள்ளை விலகிப் போனாலும் அந்த இலக்கம் வேறு பிள்ளைக்குப் போகாது. சங்கத்துக்கும் இதுவே போதும். ஆளுக்கோர் அங்கத்துவ இலக்கம். அது பற்றுச்சீட்டிலும் இருக்க வேண்டும்.

"அடையாள அட்டை நம்பரையே வைக்கலாமே?" என்று கேட்பார்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வந்த புதிய அட்டையில் 12 இலக்கம். பழைய அட்டைக்காரர் புதிய அட்டை எடுத்தால் முன்னால் 19 சேரும், பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின்னால் ஒரு 0 சேரும், கடைசி எழுத்து போய்விடும். இது தெரியாமல் பதிந்தால் ஒருவரே இரண்டு பேராகிவிடுவார். ஆகவே அந்த எண்ணைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எக்ஸெல் தாளே எங்களுக்குப் போதுமாக இருந்தது. ஆனால் அதிலும் பொறிகள் உண்டு. தொலைபேசி எண்ணை வெறுமனே தட்டினால் முன்னாலுள்ள 0 மறைந்துபோகும். 12 இலக்க எண் சுருங்கி, நடுவே ஓர் ஆங்கில எழுத்தோடு வேறு கோலத்தில் தெரியும். இவை கூட்டிக் கழிக்கிற எண்கள் அல்ல. அந்த நிரல்களை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டுத் தட்ட வேண்டும்.

அடுத்தது எழுத்துரு. எங்கள் பழைய கோப்பு பாமினியில் இருந்தது. பாமினியில் கண்ணுக்கு 'அ' தெரிந்தாலும் கணினியின் உள்ளே கிடப்பது ஆங்கில 'எம்'. எழுத்துருவை மாற்றினால் பெயர்கள் அர்த்தமில்லாத ஆங்கிலக் கோலமாகிவிடும். யுனிகோடில் தட்டித் தேடினால் எதுவும் அகப்படாது. எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் கண்ணால் சரிபார்த்தோம். தமிழ் படித்தவனுக்கு அந்த வேலையாவது உதவியது.

நிலுவைப் பட்டியலை அடையாள அட்டை இலக்கத்தோடு வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கமும் எங்களிடம் இருந்தது. அந்த இலக்கத்துக்குள் பிறந்த வருடமும் நாளும் இருக்கின்றன. பெண்களுக்கு நாளோடு 500 கூட்டியிருக்கும். ஆக, ஆணா பெண்ணா என்பதும் வெளியே தெரிந்துவிடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த நோக்கத்துக்குத் தேவையானதை மட்டும் சேகரிக்கவும் பாதுகாக்கவும் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒருவருடைய வறுமையைச் சந்தியில் ஒட்டுவது நமக்கு ஆகாது. இப்போது நிலுவை விபரம் உரியவருக்கு மட்டும் தனியே போகிறது.

2004 டிசம்பர் 26 அன்று கரையோரத்தில் இருந்தவர்களுக்கு ஏடுகள் எப்படிப் போகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கோப்பின் ஒரு பிரதி பொருளாளரின் கணினியில், ஒன்று இணையச் சேமிப்பில், அச்சிட்ட ஒன்று பள்ளிவாசல் அலுமாரியில். கடவுச்சொல் இருவருக்குத் தெரியும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த இடாப்பு அவரோடு கபுறுக்குப் போய்விடும். மாறும் காலத்தில் மூன்று மாதம் கொப்பியும் கணினியும் சேர்ந்தே ஓடின. மாத முடிவில் இரண்டு கூட்டுத்தொகையும் ஒத்துவந்த பிறகே கொப்பியை மூடினோம்.

இத்தா முடிந்த பிறகு அந்த மகன் மறுபடி வந்தான். "உம்மா கேக்கச் சொன்னா சேர். இனி நாங்க சங்கத்தில இருக்கமா, இல்லையா?"

அப்போதுதான் அடுத்த பிழை பிடிபட்டது. குடும்பத் தலைவர் மௌத்தானால் அவருடைய நிரையை அழித்துவிடுவோம். அதோடு மனைவியும் பிள்ளைகளும் சங்கத்தில் இல்லாமல் போய்விடுவார்கள். இப்போது வீட்டுக்கு ஓர் இலக்கம், ஆளுக்கோர் இலக்கம். யாருடைய நிரையையும் அழிப்பதில்லை; மௌத்தான திகதியை மட்டும் எழுதுகிறோம். அந்த வீட்டுச் சந்தா இன்று உம்மாவின் பெயரில் பதியப்படுகிறது.

உங்கள் சங்கத்திலும் புதிதாக எதையும் வாங்க முன்னர் இடாப்பை எடுத்து, ஒரே பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு ஜனாஸா வருவதற்கு முன்னர் அதைச் செய்துவிடுங்கள்.