குற்றாலச் சாரலும் எல்இடி ஹெட்லைட்டும்: 14,000 ரூபாய் க்ளெய்மில் உண்மையான லாபம் 3,500 தான்!

ஜூன் பிறந்தாச்சுன்னா தென்காசிப் பக்கம் சாரல் ஆரம்பம். வீக்எண்ட் வந்தா கிளம்பிடுறோம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம்னு ஒரு ரவுண்டு, அப்படியே செங்கோட்டை, புளியரை வழியா ஆரியங்காவு வரைக்கும் ஒரு ட்ரைவ். டிரிப்புக்கு ஹோட்டல், பெட்ரோல், பார்டர் பரோட்டா வரைக்கும் பட்ஜெட் போடுறவங்க, வண்டியோட ஹெட்லைட்டை மட்டும் கணக்கில் சேர்க்கிறதே இல்லை. இன்னைக்கு அந்தக் கணக்கைத்தான் பார்க்கப் போறோம்.

எல்இடி விளக்குக்கு என்ன பிரச்சினை?

பழைய ஹாலோஜன் பல்பு 55 வாட் மின்சாரத்தை எடுத்து, பெரும்பகுதியை வெப்பமாகத்தான் வெளியே விடும். வெளிச்சத்தோடு அந்தச் சூடும் முன்பக்கமே வரும். அதனால் கண்ணாடி மேல் விழும் ஈரம் தானாகவே காய்ந்துவிடும். எல்இடி இதற்கு நேர் எதிர். குறைந்த மின்சாரம், அதிக வெளிச்சம். சூடு உண்டு, ஆனால் அது பின்பக்கம் இருக்கிற ஹீட் சிங்க் வழியா வெளியேறிடும். முன்பக்கம் குளுகுளுன்னே இருக்கும்.

பனி கொட்டுற நாடுகளில் இது பெரிய தலைவலி. எல்இடி ஹெட்லைட் மேல் விழுந்த பனி உருகாமல் அப்படியே ஒட்டிக்கொண்டு வெளிச்சத்தை மறைத்துவிடும். நம்ம ஊர் பசங்க மணாலி, அடல் சுரங்கம், லடாக்னு பைக்கில் போகும்போது பார்க்கிறதும் இதைத்தான். வண்டியை நிறுத்தி, கையால் துடைத்தால்தான் வழி.

இலத்தூரில் பனிக்கட்டிக்கு எங்கே போறது? ஆனால் அதே "குளிர்ந்த கண்ணாடி" இங்கேயும் வேலையைக் காட்டும். இலத்தூர் விலக்கில் இருந்து தென்காசி, செங்கோட்டை தாண்டி புளியரை மலைப்பாதை வரைக்கும் போகிற கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744-ல், கேரளாவுக்குப் போகும் லாரிகள் வரிசையாகப் போகும். சாரலில் நனைந்த ரோட்டில் அந்த லாரி டயர்கள் வாரி இறைக்கும் சேறு, மெல்லிய படலமாக உங்கள் ஹெட்லைட்டில் படியும். டிரைவர் சீட்டில் இருக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. புளியரை வளைவில் திரும்பும்போதுதான் "என்னடா, வெளிச்சமே பத்தலையே"ன்னு தோணும்.

பத்து நிமிஷம் ஒதுக்குங்க

- சேறு காய்ந்த பிறகு காய்ந்த துணியால் துடைக்கவே கூடாது. முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவையுங்க, பிறகு மைக்ரோஃபைபர் துணி. முன்பக்கம் இருப்பது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், எளிதில் கீறல் விழும்.
- பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் வேண்டாம். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கிற டிப்ஸும் வேண்டாம். மேலே இருக்கிற வெயில் தடுப்புப் பூச்சு போயிடும், அப்புறம் மஞ்சளாகும்.
- வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை ஹெட்லைட் ஓரத்துக்கு நெருக்கமாகப் பிடிக்க விடாதீங்க. சீல் விட்டுப்போனால் உள்ளே தண்ணீர் இறங்கும்.
- மூடுபனியில் லோ பீம்தான். ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனித்துளியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்.

உள்ளே ஆவி பிடிச்சிருக்கா, தண்ணீர் நிக்குதா?

இரண்டும் வேற வேற. மெல்லிய ஆவி படர்ந்து, லைட் போட்டு ஓட்டியதும் கொஞ்ச நேரத்தில் மறைந்தால் பயப்பட வேண்டாம். ஹெட்லைட்டில் காற்றுப் போக்குவரத்துக்கு வென்ட் இருக்கும், ஈரம் அது வழியாக வெளியேறிடும். துளித்துளியாக வழிந்து அடியில் தேங்கினால் சீல் போச்சுன்னு அர்த்தம். வாரன்டி காலத்துக்குள் இருந்தால் உடனே போட்டோ எடுத்து சர்வீஸ் சென்டரில் எழுத்துப்பூர்வமாகப் பதிவு பண்ணுங்க. சும்மா வாயால் சொல்லிட்டு வந்தால் நாளைக்கு ஆதாரம் இருக்காது.

இன்சூரன்ஸ் கொடுக்குமா? கொடுக்காது. தேய்மானம், மின்சாரக் கோளாறு இதெல்லாம் சாதாரண பாலிசியில் வராது. விபத்தில் உடைந்தால் மட்டும்தான். அதுவும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் அதற்கும் ஒரு ரூபாய் கிடைக்காது. 2018 செப்டம்பரில் இருந்து புது பைக்குக்கு 5 வருஷ தேர்ட் பார்ட்டி கட்டாயம். "அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு"ன்னு நிறைய பேர் நிம்மதியா இருக்காங்க. ஓன் டேமேஜ் பகுதி ஒரு வருஷத்திலேயே முடிந்திருக்கலாம். இப்பவே பாலிசியை எடுத்துப் பாருங்க.

இப்போ மெயின் கணக்கு

பல எல்இடி வண்டிகளில் பல்பை மட்டும் மாற்ற முடியாது, முழு அசெம்பிளியையே மாற்றணும். ஒரு உதாரணத்துக்கு, விபத்தில் உடைந்த அசெம்பிளி விலை 30,000 ரூபாய்னு வச்சுக்குவோம்.

- பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானக் கழிவு: 15,000
- கட்டாயக் கழிவு, 1500 சிசி வரையுள்ள காருக்கு: 1,000
- இன்சூரன்ஸ் தருவது: 14,000. உங்கள் கையிலிருந்து: 16,000

"சரி, 14,000 லாபம்தானே?" அவசரப்படாதீங்க. க்ளெய்ம் போட்டால் நோ க்ளெய்ம் போனஸ் பூஜ்யத்துக்கு வந்திடும். அந்த ஏணி 20, 25, 35, 45, 50 சதவீதம். அடுத்த ரினியூவலில் உங்களுக்கு 35 சதவீதம் வரணும், ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 10,000 ரூபாய்னு எடுத்துக்குவோம்.

- க்ளெய்ம் போடாவிட்டால்: 35, 45, 50, 50, 50
- க்ளெய்ம் போட்டால்: 0, 20, 25, 35, 45
- வித்தியாசம்: 35 + 25 + 25 + 15 + 5 = 105 சதவீதம்

அதாவது 5 வருஷத்தில் 10,500 ரூபாய் இழப்பு. 14,000-ல் அதைக் கழித்தால் உண்மையான லாபம் 3,500 தான். க்ளெய்ம் தொகை 10,500-க்குக் கீழே இருந்தால் கையிலிருந்து கட்டுவதே மேல். வருஷா வருஷம் பிரீமியம் குறைந்தால் இந்த இழப்பும் கொஞ்சம் குறையும்.

புது கார், அடுத்து 20 சதவீதம்தான் வரணும்னா இழப்பு 5,000. ஏற்கெனவே 50-ல் இருக்கிறவருக்கு 12,500. ஜீரோ டெப் எடுத்திருந்தால் அதே 30,000-க்கு 29,000 கிடைக்கும், அப்போ தாராளமாக க்ளெய்ம் போடலாம். பம்பரும் சேர்ந்து உடைந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே க்ளெய்மில் சேர்த்துடுங்க.

மலிவா ஒரு எல்இடி பல்பு மாட்டிக்கலாமா?

ஹாலோஜனுக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் வெளிச்சந்தை எல்இடியைப் போட்டால் ஒளி சிதறி எதிரே வர்றவர் கண்ணைக் கூசவைக்கும். பின் மூடியை வெட்டி ஃபேன் பொருத்தினால் ஈரம் உள்ளே போகும், வாரன்டியும் கேள்விக்குறி. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமேன்னு சொல்லுது. மிச்சம் பிடிக்கப் போய் மொத்தமும் போகும்.

என்ன செய்யலாம்?

மாசம் 500 ரூபாய் தனி ஆர்டியில் "வண்டிச் செலவு"ன்னு போடுங்க. வருஷத்துக்கு 6,000, வட்டி தனி. மூணு வருஷத்தில் மேலே சொன்ன 16,000 கையில் இருக்கும், கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டாம். சீசனுக்குக் கிளம்பும்போது டிக்கியில் ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு துணி. செங்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தும்போது ஹெட்லைட்டை ஒரு தடவை துடைச்சிடுங்க.

உங்கள் பாலிசியில் என்சிபி எத்தனை சதவீதம், ஜீரோ டெப் இருக்கா இல்லையா? பார்த்துட்டு கமெண்ட்டில் சொல்லுங்க. அடுத்த வீடியோவில் அந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம்.