விளிம்பைப் பார்த்து வாங்குங்கள்

"ஏரியிலதானே விடப்போறம், கடலிலயே? கிடைக்கிற பலகை காணும்." கனடாவின் பிறம்ரனில் சொந்தக் கையால் ஒரு சிறு படகு கட்ட நினைக்கிறவர்கள் சொல்லும் சமாதானம் இது. உண்மை நேர்மாறானது. மரத்தை உக்கச் செய்யும் பங்கசுகளுக்கு உப்பு ஒத்துவராது. நன்னீர்தான் அவற்றுக்கு வாழ்வு. பலகையின் ஈரப்பதன் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அவை அடங்கிக் கிடக்கும். மழைநீரோ ஏரித்தண்ணீரோ உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் தங்கிவிட்டால், மேற்பூச்சு பளபளத்துக்கொண்டிருக்கும்போதே உள்மரம் உக்கத் தொடங்கிவிடும். கடலில் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு ஒன்ராறியோ ஏரிகளில் இல்லை, ஆறுதல் அவ்வளவுதான்.

மரம் ஈரம் குடித்தால் நார் ஓடும் திசையில் அநேகமாக நீளாது, குறுக்காகத்தான் ஊதும். அதனால்தான் ஒட்டுப்பலகையில் மெல்லிய மரத்தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து ஒட்டுகிறார்கள். ஒரு தாளின் ஊதலை அடுத்த தாள் பிடித்து வைக்கும். ஆனால் பாற்புரதத்திலும் சோயாவிலும் செய்த பழைய பசைகள் தண்ணீரில் ஊறினால் விட்டுப்போகும். 1934இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஜேம்ஸ் நெவின் என்ற வேதியியலாளர் நீருக்கு முழுதும் அசையாத பசையை உருவாக்கிய பிறகே இந்தப் பலகையைப் படகுக்கு நம்ப முடிந்தது. இரண்டாம் உலகப்போரில் ஹிகின்ஸ் தரையிறங்கு படகுகள் ஆயிரக்கணக்கில் ஒட்டுப்பலகையால் ஆயின. பிறம்ரனுக்குப் பக்கத்திலேயே, டவுன்ஸ்வியூவில், ஆயிரத்துக்கு மேற்பட்ட மொஸ்கிற்றோ போர்விமானங்களை பேர்ச் ஒட்டுப்பலகையும் பால்சா மரமும் கொண்டு கட்டினார்கள்.

நம்மவர் கரையிலும் இதற்கொரு கதை உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் வள்ளம் குடையும் பெருமரங்கள் அருகி விலை ஏறிய காலம். 1980களின் தொடக்கத்தில் முட்டத்தில் கோட்டாறு சமூக சேவைச் சங்கமும் பிரித்தானிய இடைநிலைத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் குழுவும் பொறியியலாளர் பியர் ஜிலேயும் ஒட்டுப்பலகைப் படகைக் கொண்டுவந்தார்கள். வெட்டிய பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, மூட்டின்மேல் கண்ணாடி நாரும் பிசினும் பூசும் முறை அது. கயிற்றால் பலகை தைத்த மசூலாப் படகைப் பார்த்து வளர்ந்த கடலோரத்துக்குத் தையல் புதிதல்ல. பிறம்ரன் கராஜில் கட்டப்போகிறவருக்கும் இதைவிட எளிய வழி கிடையாது.

இனிக் கடைக்கு வருவோம். கனடாவில் வீட்டுக்கூரைக்கு அடிக்கும் மென்மர ஒட்டுப்பலகையிலும் நீர் தாங்கும் பினோலிக் பசைதான் இருக்கிறது. பசையை மட்டும் கேட்டுவிட்டு வாங்கினால் ஏமாந்துபோவோம். வித்தியாசம் நடுத்தாள்களில். கூரைப் பலகையின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: இரண்டு தாள் துண்டுகள் சந்திக்கவேண்டிய இடத்தில் பென்சில் முனை நுழையும் அளவுக்குக் கறுப்பாக ஒரு பொந்து தெரியும். பலகையை வளைக்கும்போது முதலில் முறிவது அந்த இடத்தில்தான்; தண்ணீர் புகுந்தால் பலகையின் நீளத்துக்கு ஓடுவதும் அதன் வழியேதான். பிரித்தானிய பி.எஸ். 1088, இந்திய ஐ.எஸ். 710 ஆகிய கடற்தரங்கள் பசையோடு இந்த உள்மரத்தின் தரத்தையும் கவனிக்கின்றன. ஆனாலும் முத்திரையை யாரும் அச்சடிக்கலாம். வெட்டுத்துண்டு ஒன்றைச் சட்டியில் சில மணிநேரம் கொதிக்கவிட்டு, காயவைத்து, மறுபடி கொதிக்கவிடுங்கள். பிறகு தாள்களின் நடுவே உளியை விட்டு நெம்புங்கள். பசை விடாமல் மரநாரே கிழிந்துவந்தால் நல்ல பலகை.

மர வகையில் என் தெரிவு ஆபிரிக்காவின் ஒக்கூமே. ஆறு மில்லிமீற்றர் முழுப்பலகை ஒன்பது கிலோ அளவில் நிற்கும். காரின் கூரையில் படகை ஏற்றுகிறவருக்கு இது பெரிய விஷயம். ஆனால் உக்கலைத் தாங்கும் வலு அதற்கு இயல்பில் இல்லை, எப்பொக்சிப் பிசின் பூச்சுத்தான் காப்பு. மெரான்ரி பாரமானது, விலை குறைவு. கனடாவின் டக்ளஸ் ஃபர் உறுதியானது. ஆனால் வெயில்பட்டால் மேற்பரப்பில் நீளநீளமாக வெடிக்கும், கண்ணாடி நார்த்துணி போர்த்தாமல் விடக்கூடாது. ஆறு மில்லிமீற்றரில் மூன்று தாள் உள்ளதை விட்டு ஐந்து தாள் உள்ளதைக் கேளுங்கள்.

எப்பொக்சியைக் குளிர் விலகாத வைகாசியிலேயே பூச அவசரப்பட வேண்டாம். வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே போனால் பெரும்பாலான வகைகள் சரியாக இறுகாது. வெட்டிய ஓரங்களிலும் ஆணித் துளைகளிலும் இரண்டு மூன்று முறை பூசுங்கள், நார்முனைகள் அங்கேதான் தண்ணீரை உறிஞ்சும். மாரிக்குப் படகைக் கவிழ்த்து, காற்றோடக் கட்டைமேல் வையுங்கள். உள்ளே நின்ற நீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் விரியும். மூட்டைத் திறக்க அது போதும்.