கேட்டது ஓர் எழுத்து, வந்தது இரண்டு!

ஓசூர், கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கடைவீதியில் காதில் விழும். தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரம். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரில் 1994 முதல் அரசு பொறியியல் கல்லூரி நடக்கிறது.

பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே பழகும் கம்ப்யூட்டர் மொழிகளில் ஒன்று 'சி'. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி என்பவர் 1972-ம் ஆண்டுவாக்கில் உருவாக்கிய மொழி அது.

அந்த மொழியில் ஒரு சின்ன வேலை. 'ஒய்' என்றால் ஆம். 'என்' என்றால் இல்லை. ஒரே ஓர் எழுத்தை வாங்க வேண்டும். இதில் என்ன கஷ்டம்?

கணக்கு அழிந்தது!

ஒரு கிடங்கின் கணக்கு கம்ப்யூட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

"நகல் எடுக்கலாமா?" என்று கேட்கிறது கம்ப்யூட்டர். குமாஸ்தா 'ஒய்' அடித்து, என்டர் விசையைத் தட்டுகிறார்.

அடுத்த கேள்வி: "பழைய கணக்கை அழிக்கலாமா?"

அவர் விசையைத் தொடவே இல்லை. கணக்கு அழிந்துவிட்டது!

ஏன்? 'கெட்சார்' என்ற கட்டளை 'ஒய்' எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. என்டரும் ஓர் எழுத்துதான். அது வரிசையில் காத்திருந்தது. இரண்டாவது கேள்விக்கு அதுவே பதிலாகப் போய்விட்டது. 'என்' தவிர எது வந்தாலும் ஆம் என்று புரோகிராம் எழுதியவர் வைத்திருந்தார். பாதிக் குற்றம் அவருடையது.

என்ன வழி?

முழு வரியையும் வாங்க வேண்டும். முதல் எழுத்து 'ஒய்' அல்லது 'என்'தானா, அதற்கு அடுத்தது என்டர்தானா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வரி முழுவதையும் தள்ளிவிட்டு, மறுபடி கேட்க வேண்டும்.

வரியை வாங்குவதிலும் அளவு வேண்டும். அளவு பாராமல் வாங்கும் 'கெட்ஸ்' என்ற கட்டளை முன்பு இருந்தது. 1988 நவம்பரில் அமெரிக்காவில் பல கம்ப்யூட்டர்களை முடக்கிய 'மாரிஸ் புழு' நுழைந்த வழிகளில் அதுவும் ஒன்று. 2011-ல் வந்த விதிகளில் 'கெட்ஸ்' நீக்கப்பட்டது.

'ஆ'வும் 'இ'யும்

சரி, "ஆம்", "இல்லை" என்று தமிழிலேயே பதில் வாங்கினால்?

இங்கே வேறொரு வேடிக்கை. இப்போது பரவலாக உள்ள முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் இடம் போதும். 'ஆ'வுக்கு மூன்று வேண்டும். 'கி'க்கு ஆறு! கெட்சார் ஒரு தடவைக்கு ஒரு பைட்தான் எடுக்கும்.

'ஆ'வின் முதல் பைட் 224. 'இ'யின் முதல் பைட்டும் 224. இரண்டாவதும் ஒன்றேதான். மூன்றாவதில்தான் ஆமா, இல்லையா என்று தெரியும்.

கன்னடத்து 'ஹௌது'க்கும் தெலுங்கு 'அவுனு'க்கும்கூட முதல் பைட் அதே 224தான். ஓசூர்க்காரர் எந்த மொழியில் "ஆம்" என்றாலும், ஒரே பைட்டை எடுத்துப் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது!